முட்டிக்குக் கீழே நான்கு விரல்

காலை எட்டு மணிக்கு சென்னீர்குப்பத்தில் நிற்கிறவர்கள் யாரும் நிற்பதற்காக வந்தவர்கள் இல்லை. பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகும் சாலை, பெங்களூரு நெடுஞ்சாலையின் புறவழியைத் தொட்டுக்கொண்டு போகும் இடம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறவர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட்டுக்கு ஓடுகிறவர், ராத்திரி ஷிப்ட் முடித்துக் கண் எரிய வீடு திரும்புகிறவர், பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் பத்து நிமிடத்தில் பஞ்ச் வைக்க வேண்டியவர் எல்லோரும் ஒரே சிவப்பு விளக்கின் முன்னால் நிற்கிறார்கள். முன்னே ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப முடியாமல் திணறுகிறது. பின்னே ஏழெட்டு ஹாரன்கள்.

விளக்கு பச்சையாவதற்குள் ஒவ்வொரு உடலும் உள்ளுக்குள் ஒரு சண்டைக்குத் தயாராகிவிடுகிறது. முதல் சில நொடிகளில் நரம்பு வழியாகச் சேதி போய், சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அட்ரினலினை ரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகம் எடுக்கிறது. தோள்பட்டையும் தாடையும் இறுகுகின்றன. வயிற்றுக்குப் போக வேண்டிய ரத்தம் கை, கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. அடுத்த சில நிமிடங்களில் இரண்டாவது அலை. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி மறுபடி அட்ரினலைத் தூண்ட, கார்டிசால் சுரக்கிறது. ஈரல் தன் இருப்பில் உள்ள சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. பாம்பைக் கண்டு துள்ளி விலகுகிறவருக்கு இது உயிர் காக்கும் ஏற்பாடு. லாரியைக் கண்டு துள்ளவும் முடியாது, ஓடவும் முடியாது.

1936ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே எலிகளைக் குளிரிலும் காயத்திலும் அளவு மீறிய உழைப்பிலும் வாட்டிப் பார்த்தார். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றாகவே இருந்தது: அட்ரினல் சுரப்பி வீங்கியிருந்தது, நோய் எதிர்ப்புக்கு ஆதாரமான தைமஸ் சுருங்கியிருந்தது, இரைப்பையில் புண். 'நேச்சர்' இதழில் அவர் எழுதிய அந்தச் சிறு குறிப்பிலிருந்துதான் ஸ்ட்ரெஸ் என்று இன்று சொல்லப்படும் கருத்து வளர்ந்தது. தமிழில் அதற்கு இன்னும் ஒரு சொல் நிலைக்கவில்லை. 'மன அழுத்தம்' என்றால் சிலர் ஸ்ட்ரெஸ்ஸைச் சொல்கிறார்கள், சிலர் டிப்ரஷனை. டீக்கடையில் அது 'டென்ஷன்'. வீட்டுப் பெரியவர்களுக்கு 'பிரஷர்'. இந்தக் கடைசிச் சொல்லில் மனக்கொதிப்பும் ரத்தக்கொதிப்பும் பிரிக்க முடியாமல் கலந்துகிடக்கின்றன. உடலுக்குள்ளும் ஏறக்குறைய அப்படித்தான்.

தலைவலி, தூக்கமின்மை, இடுப்புவலி, வயிற்றுப் பொருமல், படபடப்பு என்று மருத்துவமனைக்குப் போகிறவர்களில் பலர், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துவிட்டு, "டெஸ்ட்டெல்லாம் நார்மல், டென்ஷனைக் குறைச்சுக்குங்க" என்ற வாக்கியத்தோடு வீடு திரும்புகிறார்கள். சீட்டில் எழுத முடியாத அந்த மருந்தைத் தேடித்தான் மக்கள் வேறு பலகைகளைப் படிக்க ஆரம்பிக்கிறார்கள். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் அவற்றுக்குக் குறைவில்லை: அக்குபஞ்சர், அக்குபிரஷர், தொடு சிகிச்சை, மனவளக்கலை, ராஜயோகம். ஊசியும் தியானமும் உடலுக்குள் உண்மையிலேயே ஏதாவது செய்கின்றனவா, செய்தால் எந்த வழியாக? கடந்த 50 ஆண்டு ஆராய்ச்சி இதற்குத் தரும் பதில் ஆதரிப்பவர்களுக்கும் பாதிதான் பிடிக்கும், எதிர்ப்பவர்களுக்கும் பாதிதான் பிடிக்கும்.

பீக்கிங்கில் ஒரு குடல்வால்

முட்டிச் சில்லுக்குக் கீழே நான்கு விரல் அகலம் விட்டு, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கம் தள்ளி அழுத்தினால் லேசாகக் கனக்கும் ஓர் இடம் தட்டுப்படும். அக்குபஞ்சர்காரர்களுக்கு அது எஸ்.டி.36, அதாவது வயிற்றுப் பாதையின் 36வது புள்ளி. சீனப் பெயர் சூ-சான்-லி. 'லி' என்பது சீனத் தூர அளவு. களைத்துப்போன கால் இந்தப் புள்ளியின் தயவில் இன்னும் மூன்று லி நடக்கும் என்று பெயருக்கு விளக்கம் சொல்வதுண்டு. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689ல் தன் நீண்ட நடைப்பயணத்துக்குப் புறப்படுமுன் காலில் இதே இடத்தில் மூலிகைச் சூடு வைத்துக்கொண்டதை எழுதிவைத்திருக்கிறார். இந்தக் கட்டுரையில் வரும் பல ஊசிகள் இந்த ஓர் இடத்தில்தான் இறங்குகின்றன.

1971 ஜூலையில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் சீனாவுக்குச் சென்றிருந்தார். போன இடத்தில் குடல்வால் அழற்சி. பீக்கிங் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பி, வலியில் புரண்டுகொண்டிருந்தவருக்கு அங்கிருந்த அக்குபஞ்சர் மருத்துவர் வலது முழங்கையிலும் முட்டிகளுக்குக் கீழேயும் மெல்லிய ஊசிகளைச் செருகித் திருகினார். வயிற்றருகே மூலிகை புகையச் சூடு காட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் தணிந்துவிட்டது. ஜூலை 26 அன்று ரெஸ்டன் இதை முதல் பக்கத்தில் எழுதினார். அடுத்த ஆண்டு அதிபர் நிக்சன் சீனா போய்வந்ததும் அமெரிக்கா முழுக்க அக்குபஞ்சர் பேச்சு.

அந்தச் செய்தி வாய்வழி பரவியதில் ஒரு திரிபும் சேர்ந்துகொண்டது. மயக்க மருந்தே இல்லாமல் ஊசி குத்தியே ரெஸ்டனின் குடல்வாலை எடுத்துவிட்டார்கள் என்று இன்றுவரை சொல்பவர்கள் உண்டு. அவர் எழுதியது அதுவல்ல. அறுவை சிகிச்சைக்கு வழக்கமான மரத்துப்போகும் ஊசிமருந்துதான் போட்டார்கள். அக்குபஞ்சர் வந்தது அதன் பிறகான உப்புசத்துக்கு. உள்ளதைவிடப் பெரிதாகச் சொல்லும் பழக்கம் இந்தத் துறையை அன்று தொடங்கி இன்றுவரை விடவில்லை.

இந்தியாவுக்கு அது வந்த வழி வேறு. 1938ல் ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு உதவ இந்தியாவிலிருந்து ஐந்து மருத்துவர்கள் போனார்கள். அவர்களில் துவாரகாநாத் கோட்னிஸ் 1942ல் அங்கேயே இறந்தார். அதே குழுவில் இருந்த விஜய் குமார் பாசு பிற்பாடு மறுபடி சீனா சென்று அக்குபஞ்சர் கற்று, 1959ல் கல்கத்தாவில் அந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். நிக்சன் பயணத்துக்கு 13 ஆண்டுகள் முன்பே இந்த ஊசி இந்தியாவில் இறங்கிவிட்டது.

முயலின் மூளைத் தண்டுவட நீர்

உடலில் 'சீ' என்னும் உயிராற்றல் 12 முதன்மைப் பாதைகளில் ஓடுகிறது. அது தடைபட்டால் நோய். புள்ளிகளில் குத்தினால் தடை விலகும். பழஞ்சீன நூல்களின் விளக்கம் இது. அந்தப் பாதைகளை உடற்கூறியல் மேசையில் யாரும் கண்டதில்லை. நரம்பு போல, ரத்தக் குழாய் போலப் பிரித்தெடுத்துக் காட்டும் அமைப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பாதையின் விளக்கம் தவறு என்பதற்காக ஊசி குத்தியதும் எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நடப்பதை வேறு இடத்தில் தேட வேண்டியிருந்தது.

பீக்கிங்கில் ஹான் ஜிஷெங் என்ற உடலியல் பேராசிரியர் 1970களின் தொடக்கத்தில் ஒரு முயலுக்கு அக்குபஞ்சர் கொடுத்து, அதன் மூளைத் தண்டுவட நீரை எடுத்து, ஊசியே குத்தாத இன்னொரு முயலுக்குச் செலுத்தினார். அந்த இரண்டாவது முயலுக்கும் வலி தாங்கும் திறன் கூடியது. அப்படியானால் ஊசி மூளையில் ஏதோ ஒரு ரசாயனத்தைச் சுரக்கவைத்திருக்க வேண்டும். அது என்னவென்று தெரிய ஸ்காட்லாந்திலிருந்து சேதி வர வேண்டியிருந்தது: 1975ல் அபர்தீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் உடலே தயாரிக்கும் அபினை, என்கெபலின் என்னும் பொருளை, கண்டுபிடித்தார்கள். எண்டார்ஃபின்களும் இதே குடும்பம்தான்.

அடுத்த சோதனை எளிமையானது. அபின் வகை மருந்துகளின் வேலையை முறிக்கும் நலாக்சோன் என்று ஒரு மருந்து உண்டு. 1977ல் அமெரிக்காவில் டேவிட் மேயர் குழுவினர், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலான புள்ளியில் ஊசி குத்திப் பல்வலியைக் குறைத்துக்காட்டி, பிறகு நலாக்சோன் கொடுத்தார்கள். வலி திரும்பிவிட்டது. ஊசி தரும் நிவாரணத்தில் உடலின் சொந்த அபினுக்குப் பங்கு உண்டு என்பதற்கு இது நல்ல சாட்சி. ஊசியில் மெல்லிய மின்துடிப்பைச் செலுத்தும்போது நொடிக்கு 2 துடிப்பு என்றால் ஒரு வகை அபினும் 100 துடிப்பு என்றால் வேறொரு வகையும் சுரக்கின்றன என்று ஹான் பின்னர் காட்டினார்.

ஊசி இறங்கும் இடத்திலேயே நடப்பது இன்னொன்று. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கென் நெதர்கார்ட் குழு 2010ல் சுண்டெலிகளின் எஸ்.டி.36 புள்ளியில் ஊசியை அரைமணி நேரம் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருகியது. சுற்றியுள்ள திசுவில் அடினோசின் என்னும் பொருள் 24 மடங்கு பெருகியது. அது அங்குள்ள வலி நரம்புகளை அமைதிப்படுத்துகிறது. அடினோசினைப் பிடித்துக்கொள்ளும் வாங்கி இல்லாமல் பிறந்த எலிகளுக்கு எவ்வளவு திருகியும் பயனில்லை. காலை ஃபில்டர் காபி தூக்கத்தைக் கலைப்பதும் அடினோசின் வாங்கிகளை அடைத்துத்தான் என்பது வாசகருக்கு உபரித் தகவல்.

2021ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு ஸ்ட்ரெஸ் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஹார்வர்டில் சியூஃபு மா குழுவினர் எலியின் பின்னங்காலில் அதே எஸ்.டி.36ல் மெல்லிய மின் ஊசி வைத்தார்கள். அங்கே எலும்பை ஒட்டிய ஆழ்திசுக்களில் ஒரு தனி வகை உணர்நரம்பு இருக்கிறது. அது தூண்டப்பட்டால் சேதி மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக இறங்கி, அட்ரினல் சுரப்பியை வேலை வாங்கி, உடல் முழுக்கப் பரவியிருந்த அழற்சியைத் தணிக்கிறது. வயிற்றுப் பகுதியின் ஆழ்திசுக்களில் அந்த நரம்பு இல்லை. அங்கே குத்தினால் இந்தப் பலனும் இல்லை. காலில் ஏன், வயிற்றில் ஏன் இல்லை என்ற கேள்விக்கு முதல்முறையாக உடற்கூறு சார்ந்த ஒரு பதில் கிடைத்தது. சிவப்பு விளக்கில் நம்மைப் படபடக்க வைக்கும் அதே அட்ரினல்தான் இங்கே வேறு வாசல் வழியாகத் தட்டப்பட்டு, நெருப்பை அணைக்கிறது.

இதே குழுவின் 2020ஆம் ஆண்டு ஆய்வு ஓர் எச்சரிக்கையும் வைத்திருந்தது. வயிற்றுப் புள்ளியில் வலுவான மின்துடிப்பை நோய்க்கு முன்பே கொடுத்தால் அழற்சி குறைந்தது. நோய் வந்த பிறகு கொடுத்தால் கூடியது. ஒரே இடம், ஒரே ஊசி, நேரம்தான் வேறு. 'பக்கவிளைவே கிடையாது' என்று துண்டுப் பிரசுரங்கள் அச்சடிக்கும் வாக்கியத்தை எலிகள் ஒப்புக்கொள்ளவில்லை.

உள்ளே போகாத ஊசி

எலிக்கு நம்பிக்கை கிடையாது, மனிதருக்கு உண்டு. அதனால் மனிதர்களிடம் சோதிக்கும்போது பொய் ஊசி வேண்டும். 1998ல் ஜெர்மனியில் ஸ்ட்ரைட்பெர்கர் ஒன்றை வடிவமைத்தார். நாடகக் கத்தி போல, தோலில் பட்டதும் ஊசி தன் பிடிக்குள்ளேயே பின்வாங்கிவிடும். குத்தியது போலவே நோயாளிக்கு இருக்கும், குத்தியிருக்காது.

ஜெர்மனியிலேயே 2007ல் வெளியான பெரிய ஆய்வில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முறைப்படி அக்குபஞ்சர் பெற்றவர்களில் 47.6 சதவீதத்தினருக்கு ஆறு மாதத்தில் நல்ல நிவாரணம். மாத்திரையும் பிசியோதெரபியும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 சதவீதம். புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில்? 44.2 சதவீதம்! வழக்கமான சிகிச்சையை அக்குபஞ்சர் தெளிவாக வென்றது. போலி அக்குபஞ்சரும் வென்றது. எந்தப் புள்ளியில் குத்துவது என்பதற்காக ஆண்டுக்கணக்கில் படிப்பவர்களுக்கு இந்தக் கடைசி எண் கசப்பானது.

ஒற்றைத் தலைவலிக்கு 2016ல் காக்ரேன் அமைப்பு 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததிலும் ஏறக்குறைய இதே வடிவம்தான். அக்குபஞ்சர் பெற்றவர்களில் 41 சதவீதத்தினருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தன. பெறாதவர்களில் 17 சதவீதத்தினருக்கு. போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் 50க்கு 41. வித்தியாசம் இருக்கிறது, சிறியதாக இருக்கிறது.

சிறிய வித்தியாசத்தைத் தவிர்த்த மீதி எங்கிருந்து வருகிறது? ஹார்வர்டின் டெட் கேப்சக் 2008ல் அதைத் தனியே பிரித்து அளந்தார். குடல் எரிச்சல் நோய் உள்ள 262 பேர். ஒரு பிரிவுக்குச் சிகிச்சையே இல்லை, காத்திருப்புப் பட்டியல் மட்டும். இரண்டாவது பிரிவுக்கு உள்ளே போகாத ஊசி. குத்துபவர் பேச மாட்டார். மூன்றாவது பிரிவுக்கும் அதே போலி ஊசிதான்; ஆனால் முதல் சந்திப்பில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து நோயாளி சொல்வதைக் கேட்டு, தொட்டுப் பார்த்து, பரிவோடு பேசினார்கள். மூன்று வாரத்தில் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முறையே 28, 44, 62 சதவீதம்.

மூன்றாவது எண்ணை 'வெறும் மனப்பிரமை' என்று ஒதுக்குவது எளிது. ஆனால் குடல் எரிச்சல் நோயே குடலுக்கும் மூளைக்கும் இடையிலான பேச்சுவார்த்தை கெட்டுப்போவதால் வருவது. பேச்சு சரியானதும் குடல் அடங்குவதில் பிரமை எதுவும் இல்லை. கூட்டம் நிரம்பிய புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைக்காத ஒரு நாட்டில், முக்கால் மணி நேரம் ஒருவர் கையைப் பிடித்து நாடி பார்ப்பதே ஒரு சிகிச்சை. அக்குபஞ்சர் அறைகளின் வெற்றியில் கணிசமான பங்கு அந்த நாற்காலிக்கு உரியது.

கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு பாதை

புள்ளிகளைத் தொட்டு உடலை இயக்கும் எண்ணம் தமிழுக்கு இரவல் இல்லை. சித்த மருத்துவத்தின் வர்மம் 12 படுவர்மமும் 96 தொடுவர்மமுமாக 108 புள்ளிகளைக் கணக்கிடுகிறது. அடிபட்டால் ஆபத்தான இடங்களைத் தெரிந்துவைத்திருந்த களரி ஆசான்கள், அதே இடங்களை இளக்கவும் தெரிந்துவைத்திருந்தார்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இன்றும் வர்ம சிகிச்சை தரப்படுகிறது. எல்லாப் புள்ளிகளும் சீனப் புள்ளிகளோடு பொருந்துவதில்லை. மருத்துவ மரபும் வேறு.

புள்ளிகளை அழுத்துவதையும் தியானத்தையும் ஒரே பாயில் உட்காரவைத்தவர் கூடுவாஞ்சேரியில் 1911ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி. தறி நெய்து, தபால் கணக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, ஹோமியோபதியும் சித்தமும் பயின்று, 1958ல் சென்னையில் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவர் வகுத்த எளிய முறை உடற்பயிற்சியில் கைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, மகராசனத்தோடு அக்குபிரஷரும் ஓர் அங்கம். மல்லாந்து படுத்து விரல்களால் உடலின் புள்ளிகளை வரிசையாக அழுத்தி, கடைசியில் உடலைத் தளர்த்திப் படுக்க வேண்டும். அதன் பிறகு தவம். தமிழ்நாட்டுப் புறநகர்களில் அவரது மனவளக்கலை மன்றங்களுக்குப் போகிறவர்கள், ஊசி இல்லாமலே இந்தக் கட்டுரையின் இரண்டு பாதிகளையும் ஒரே காலையில் செய்துமுடிக்கிறார்கள்.

தியானத்தை அளக்கும் முயற்சியும் தென்னிந்தியாவோடு பிணைந்தது. 1935ல் தெரேஸ் பிராஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் கையோடு ஈ.சி.ஜி. கருவியைத் தூக்கிக்கொண்டு இந்தியா வந்து யோகிகளின் இதயத்தைப் பதிவு செய்தார். அவர்களில் ஒருவர் மைசூரில் அப்போது பயிற்றுவித்துக்கொண்டிருந்த, பின்னாளில் சென்னைவாசியான கிருஷ்ணமாச்சாரியார். யோகி நினைத்தால் இதயத்தை நிறுத்துவார் என்ற பேச்சு அந்தப் பதிவுகளால் வலுத்தது. 1957ல் வெங்கர், பக்சி என்ற இருவர் எட்டுச் சேனல் பதிவுக் கருவியோடு கல்கத்தா, சென்னை, டெல்லி என்று சுற்றினார்கள். இதயத்தை நிறுத்துவதாகவோ மெதுவாக்குவதாகவோ சொன்ன நால்வரின் பதிவுகள் 1961ல் வெளியாயின. யாருக்கும் இதயம் நிற்கவில்லை. மூச்சை அடக்கி மார்பை இறுக்கியதில் மணிக்கட்டு நாடி மறைந்தது; ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அவர்களில் ஒருவர் இதயத் துடிப்பை நன்றாகவே மெதுவாக்கிக் காட்டினார். அற்புதம் கழிந்தது, ஆராயத் தக்க உண்மை ஒன்று மிஞ்சியது.

அந்த உண்மையை ஹெர்பர்ட் பென்சன் 1970களில் ஹார்வர்டில் பிடித்துக்கொண்டார். தியானிக்கும்போது ஆக்சிஜன் செலவு குறைகிறது, மூச்சும் இதயமும் மெதுவாகின்றன என்று அளந்து, இதற்கு 'தளர்வு எதிர்வினை' என்று பெயர் வைத்து 1975ல் ஒரு புத்தகமே எழுதினார். சண்டைக்குத் தயாராகும் ஏற்பாடு ஒன்று உடலில் இருந்தால், ஆயுதத்தைக் கீழே வைக்கும் ஏற்பாடும் இருக்கத்தானே வேண்டும்? அதன் பிரதான கம்பி வேகஸ் நரம்பு. மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் அது இதயத்தைச் சற்றே இழுத்துப் பிடிக்கிறது. மூச்சை நீட்டினால் அந்தப் பிடியும் நீள்கிறது.

2001ல் இத்தாலியில் பெர்னார்டி குழுவினர் 23 பேரிடம் ஓர் அழகான சோதனை செய்தார்கள். லத்தீனில் ஜெபமாலை சொல்லச் செய்தார்கள். பிறகு 'ஓம் மணி பத்மே ஹூம்' சொல்லச் செய்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறாக இறங்கியது. ரத்த அழுத்தம் தானாகவே ஏறி இறங்கும் இயல்பான அலைக்கும் ஏறக்குறைய 10 வினாடிதான் சுற்று. இரண்டு அலைகளும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தியதும், ரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் அனிச்சைச் செயல் கூர்மையானது. மதம் எதுவானாலும் உடல் எண்ணியது மூச்சைத்தான்.

தலைவலியோடு வந்த வியாபாரி

பர்மாவின் மாந்தலேயில் 1924ல் பிறந்த எஸ்.என்.கோயங்கா, இளம் வயதிலேயே பெரும் வியாபாரி. கூடவே கடும் ஒற்றைத் தலைவலி. வலி வந்தால் மார்ஃபின் ஊசிதான். அது பழக்கமாகிவிடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்க, ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று வைத்தியம் தேடி அலைந்தார். பலனில்லை. ரங்கூனில் அரசாங்கத்தின் தலைமைக் கணக்காயராக இருந்துகொண்டே விபாசனா தியானம் கற்றுத்தந்த சயாஜி ஊ பா கின் என்பவரிடம் நண்பர் ஒருவர் அனுப்பினார். தலைவலிக்காக வந்தேன் என்றதும் ஊ பா கின் மறுத்துவிட்டார். மனத்தைத் தூய்மை செய்வதற்கான வழி இது, தலைவலி மருந்தில்லை. நோய் போவதானால் அது உபரியாகப் போகட்டும் என்பது அவர் நிலை. சில மாதம் கழித்து 1955ல் பத்து நாள் முகாமில் உட்கார்ந்த கோயங்காவுக்கு மார்ஃபின் தேவையில்லாமல் போனது. 1969ல் இந்தியா வந்து மும்பையில் முதல் முகாம் நடத்தினார், அதே ஆண்டிலேயே சென்னையிலும். இன்று சென்னீர்குப்பத்திலிருந்து குன்றத்தூர் வழியாகப் போனால் திருமுடிவாக்கத்தில் அந்த மரபின் 'தம்ம சேது' மையம் இருக்கிறது. பத்து நாள் மௌனம்; கட்டணம் இல்லை.

ஒருவரின் அனுபவம் சான்றாகாது. 2014ல் அமெரிக்காவில் 47 ஆய்வுகளை, 3,515 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். கவலை, மனச்சோர்வு, வலி ஆகிய மூன்றிலும் தியானம் சிறிய அல்லது மிதமான பலன் தந்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோவிட மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2022ல் வந்த ஓர் ஆய்வில் கவலை நோய் உள்ள 276 பேரில் பாதிப் பேருக்கு எசிட்டலோபிராம் மாத்திரை, பாதிப் பேருக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சி. முடிவில் இரண்டும் சமம். மாத்திரை எடுத்தவர்களில் 100க்கு 79 பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு; தியானித்தவர்களில் 15 பேருக்கு. அந்தப் பயிற்சியில் வீட்டிலும் தினமும் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எட்டு வாரத் தியானத்தில் மூளையின் அமைப்பே மாறுகிறது என்ற செய்தி 2011 வாக்கில் உலகம் சுற்றியது. 2022ல் விஸ்கான்சினில் 200க்கும் மேற்பட்டவர்களிடம் கவனமாகத் திரும்பச் செய்தபோது அந்த மாற்றம் தென்படவில்லை. ரெஸ்டனின் குடல்வால் கதை போலவே இதுவும் மெய்யைத் தாண்டி ஓடிவிட்ட செய்தி.

ஊசியும் தியானமும் ஒரே வேலையைச் செய்கின்றனவா என்பதற்கு ஒரு சுவாரசியமான பதில் உண்டு. அக்குபஞ்சரின் நிவாரணத்தை முறித்த அதே நலாக்சோனை, ஃபாடெல் ஜெய்தான் 2016ல் தியானிப்பவர்களுக்குக் கொடுத்துச் சூட்டு வலியைச் சோதித்தார். இந்த முறை மருந்து எதையும் முறிக்கவில்லை. இந்தச் சோதனைப்படி தியானம் அபின் வழியில் போவதில்லை. தோலில் சூடு பட்ட சேதி வந்துகொண்டுதான் இருக்கிறது. 'ஐயோ' என்ற இரண்டாவது குரல் மட்டும் தணிகிறது. வலி வேறு, வலியைக் குறித்த தவிப்பு வேறு என்று பிரித்துப் பார்க்க முடிந்தவருக்கு இரண்டாவது பாதியின் சுமை இறங்குகிறது. ஒன்று வலியின் சத்தத்தைக் குறைக்கிறது. மற்றது கேட்கும் காதைப் பழக்குகிறது.

அரும்பாக்கம் வரை ஒரே சாலை

2003ல் அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்ற மத்திய அரசு, 2019 பிப்ரவரி 21 ஆணையில் அதைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. ஆனாலும் பலகை மாட்டிய எல்லோரும் ஒரே அளவு படித்தவர்கள் என்று சொல்ல முடியாது. பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்து மதுரவாயல், கோயம்பேடு தாண்டினால் அரும்பாக்கத்தில் அண்ணா இந்திய மருத்துவ வளாகத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2000ல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் ஐந்தரை ஆண்டுப் படிப்பில் அக்குபஞ்சரும் பாடம். நோயாளிகளுக்கு அதே கூரையின் கீழ் யோகமும் கிடைக்கும்.

பயிற்சி பெற்ற கையில் ஊசி பெரும்பாலும் பாதுகாப்பானது. 2001ல் பிரிட்டனில் 34,407 சிகிச்சைகளைப் பின்தொடர்ந்ததில் கடுமையான விபரீதம் ஒன்றுகூட இல்லை. பழக்கமில்லாத கையில் நெஞ்சுப் பக்கம் ஆழமாக இறங்கிய ஊசி நுரையீரலைத் துளைத்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உண்டு. கண்ணெதிரே உறை பிரித்த, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா என்று கேட்பது நோயாளியின் உரிமை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தியானமும் எல்லோருக்கும் எப்போதும் இதமானதல்ல. தீவிர மனநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் நீண்ட மௌன முகாமுக்கு மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது.

எல்லைக்கோடு மேலே சொன்ன ஆய்வுகளிலேயே இருக்கிறது. வலி, தலைவலி, குடல் எரிச்சல், கவலை என்று மூளை குரலை ஏற்றி இறக்கும் நோய்களில்தான் இவை தேறியிருக்கின்றன. கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டால் அதைத் திரும்பச் சுரக்கவைத்த ஊசியும் இல்லை, தவமும் இல்லை. 'அந்த மாத்திரையை இன்றே நிறுத்து' என்று ஒரு சிகிச்சையாளர் சொன்னால் அவர் தன் துறையின் சான்றுகளைத் தாண்டிப் பேசுகிறார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அவற்றை விழுங்கிவிட்டு மூச்சுப் பயிற்சிக்கு உட்காருவதை இரண்டு முறைகளில் எதுவும் தடுக்கவில்லை.

ஊசிக்கு அரும்பாக்கம் போக வேண்டும், பத்து நாள் மௌனத்துக்குத் திருமுடிவாக்கம் போக வேண்டும். பெர்னார்டியின் சோதனைக்கு மட்டும் எங்கும் போக வேண்டாம். ஐந்து வினாடி உள்ளே, ஐந்து வினாடி வெளியே. சென்னீர்குப்பத்தின் சிவப்பு விளக்கு 90 வினாடி எரியும் என்றால், கன்டெய்னர் லாரி திரும்பி முடிப்பதற்குள் ஒன்பது மூச்சு.